தொண்ணூற்று மூன்று

சனிக்கிழமை என்றால் எனக்குப் பஞ்சு நிறைய வேண்டும், ஐயா. வானாய்வு மையத்தைச் சுற்றிப்பார்க்க வருகிற பெண்களில் பாதிப் பேர் நகப்பூச்சோடு வருவார்கள். பூச்சு இருந்தால், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற ஆக்சிமீட்டர் சரியாகக் காட்டாது. ஒரு விரலிலாவது அழித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அடிவார முகாமின் வாசலில் பன்னிரண்டு ஆண்டுகளாக இதுதான் என் வேலை. எண்பதுக்குக் கீழே காட்டினால் மேலே போகும் பேருந்தில் ஏற்றக்கூடாது. ஐயாயிரம் மீட்டர் உயரம். அந்த வெள்ளை ஆன்டெனாக்களுக்குக் காற்று வேண்டாம், மனிதர்களுக்கு வேண்டுமே.

ஒஸ்வால்தோவைப் பற்றிக் கேட்டீர்கள். ஆன்டெனாக்களின் குளிரூட்டும் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர். எட்டு நாள் மலையில் வேலை, ஆறு நாள் கீழே வீடு. எனக்கும் அதே முறைதான். அப்படிப் பார்த்தால் ஆண்டில் பாதிக்கு மேல் அவர் என்னோடுதான் இருந்தார். சாப்பாட்டுக்கூடத்தில் எதிரெதிரே உட்காருவோம். அவர் பேசமாட்டார். ஒருநாள் நான் கேட்காமலே உப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும் என்பதில்லை.

அன்று காலை வரிசையில் ஒரு பெண் வந்தாள். பத்து விரலிலும் கருநீலப் பூச்சு.

"அழிக்கணுமாக்கா? போட்டோவுக்காக மெனக்கெட்டுப் பூசினது. என் வீட்டுக்காரர் ஒஸ்வால்தோ மேலதான் இருக்காரு. பதினோரு வருஷமா அந்த ஆன்டெனாங்கதான் அவருக்குப் பொண்டாட்டி, நான் சும்மா விருந்தாளி."

"உங்க பேரு?"

"மிரேயா. இனிமே விட மாட்டேன்க்கா. அவருக்குக் கீழ அந்தோஃபகாஸ்தா டவுன்லயே வேலை கெடச்சிருச்சு, இதான் கடைசி ஷிஃப்ட். சாயங்காலம் கையோட கூட்டிட்டுப் போயிருவேன்."

அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல மனம் வந்திருக்காது.

"அவரைப் பாத்திருப்பீங்களே. உங்க பேரு என்னக்கா?"

"யாஸ்னா."

"அவர் சொன்னதே இல்லையே."

ஒளித்து வைக்கிற பெயரை யார் வீட்டில் சொல்வார்கள்?

மலையேறுகிற எல்லோருக்கும் தருகிற கோக்கா இலைத் தேநீர் கொடுத்தேன். சின்ன வயதில் நெஞ்சில் ஆபரேஷன் செய்ததைச் சொல்லிக்கொண்டே குடித்தாள். அதை எழுதப் படிவத்தில் இடம் உண்டு. நான் எழுதவில்லை.

பூச்சினால் எண் தெரியவில்லை, அவசரத்தில் உத்தேசமாக எழுதிவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. அவளுடைய இடது சுண்டுவிரலில் மட்டும் பூச்சு இல்லாததைக் கவனித்திருக்கிறீர்கள். நல்ல கண் உங்களுக்கு. ஆம், அழித்தேன். எழுபத்து நான்கு காட்டியது.

"பாஸா ஃபெயிலாக்கா?" என்றாள்.

"கருவி மக்கர் பண்ணுது" என்று சொல்லி என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று. நான் பிறந்து வளர்ந்ததே இந்த அட்டகாமா மேட்டில்தான், மூச்சுக்குக் குறைவில்லை. அந்த எண்ணைத்தான் அவள் பெயருக்கு நேரே எழுதினேன். எண்ணில் பொய் இல்லை, விரல்தான் வேறு.

"பாஸ்" என்றேன். என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வயர்லெஸ்ஸில் வழிகாட்டிப் பையன் கூப்பிட்டான்.

"யாஸ்னாக்கா, ஒரு அம்மாவுக்கு உதடெல்லாம் நீலமா இருக்கு. கீழ எவ்வளவு இருந்துச்சு?"

"தொண்ணூத்தி மூணு."

"அப்படின்னா ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கட்டுமா, வேணாமா?"

"வேணாம்ப்பா. பயம்தான். கொஞ்ச நேரம் உக்கார வை, சரியாயிடும்."

உட்கார வைத்தான். அவன் மேல் தவறில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் இருக்கும் பெண்ணின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்று ஒஸ்வால்தோ உங்களிடம் சொன்னாராமே. பாருங்கள் ஐயா, மனைவியைப் பறிகொடுத்த இந்த நேரத்திலும் என்னைக் காப்பாற்றத்தான் நினைக்கிறார். இனி அவர் அந்தோஃபகாஸ்தாவுக்குப் போக வேண்டியதில்லை. வருகிற சனிக்கிழமை அடுத்த ஷிஃப்ட். அதற்குள் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. எதிரே நான் இல்லாவிட்டால் அவர் சாப்பிட மாட்டார்.