கலங்கிய பை

“அப்பா, வீட்டு டயாலிசிஸ் போதும். ஆஸ்பத்திரி மிஷினுக்கு மாறிக்கோங்க.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாதாரணமாகத்தான் சொன்னேன், சிஸ்டர். அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பாவின் அண்ணன் அந்த மிஷினில் இருக்கும்போதே செத்துப்போனவர்.

அப்பா சிரித்தார். “எனக்கென்னடி குறைச்சல்? உங்கம்மா டாக்டர், நீ இன்ஸ்பெக்டர், நான் தண்ணித் தொட்டி. வண்டி அதுபாட்டுக்கு ஓடுது.”

வயிற்றுக் குழாய் வழியே பழைய நீரை வடித்து, புதுப் பையிலிருந்து மருந்து நீரை ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை, மூன்று வருடம், அம்மாதான் செய்தாள். நீங்கள் வீட்டுக்கு வந்து பழக்கினீர்கள். ஆனாலும் அவளுக்கு வாத்தியார் நான்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை, பையின் மேலிருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்வது. கை கழுவியது போதாது என்று கத்துவேன். குழாய் முனைக்குப் பக்கத்தில் அவள் விரல் போனாலே, “கொன்னுடுவியாம்மா?” என்பேன்.

அம்மா தேய்ந்துகொண்டே வந்தாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவாள். யாராவது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. வெளியூரில் வேலைக்குச் சேரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்திருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு மதியம் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு நானே பை மாற்றினேன். கை கழுவவில்லை. மூடியைக் கழற்றி, குழாய் முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பிறகு பையை இணைத்தேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நான் போட்ட திட்டத்தில் தப்பில்லை. வயிற்றில் தொற்று வரும். வடிகிற நீர் கலங்கும். அம்மா உடனே உங்களைக் கூப்பிடுவாள். நீங்கள் மருந்து கொடுத்து, குழாயை எடுத்துவிட்டு, மிஷினுக்கு மாற்றுவீர்கள். அப்பா பிழைத்திருப்பார்.

மூன்றாம் நாள் பை கலங்கித்தான் வந்திருக்கிறது; அம்மா பிறகுதான் சொன்னாள். தன் கைதான் பட்டுவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நான் கத்துவேன் என்று பயந்து, நான் பார்ப்பதற்குள் கொட்டிவிட்டாள். அப்படி இரண்டு நாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தார். நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகம் வரும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. அதன் பிறகு கண் திறக்கவேயில்லை.

மீதிப் பைகளை எடுத்துப்போக வந்த அன்று, எங்கே தவறு நடந்தது என்று கேட்டீர்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கைதான் காரணம் என்று நீங்களும் நம்பிவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், அவளிடம் மட்டும் படித்துக் காட்டாதீர்கள்.

இன்று காலை நான் கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ எவ்வளவோ சொல்லிக்குடுத்தியேடி. எனக்குத்தான் வரல. நானே அவரைக் கொன்னுட்டேன்.”

உண்மை தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். “விடும்மா, நான் உன்னை மன்னிச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.