சர்வருக்கும் டெஸ்க்டாப்புக்கும் ஒரு பந்தயம்

அப்பா: ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே! கட்டாத வீட்டுக்குக் கட்டியதுபோல் படம் போட்டுக் கொடுக்கும் நமது நிறுவனத்தின் வரலாற்றில், பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் இது...

மகள்: அப்பா, இங்க பெரியோரும் இல்ல, தாய்மாரும் இல்ல. நானும் உங்க மாப்பிள்ளையும்தான் நிக்கிறோம்.

அப்பா: குறுக்கே பேசாதேம்மா. ஒத்திகை பாத்த பேச்சு, இடம் மறந்துடும். எங்க விட்டேன்?

மருமகன்: பொன்னெழுத்து, மாமா.

அப்பா: ஆங்... இடப்பக்கம், மாப்பிள்ளை சொன்னாரேன்னு வாங்கிப் போட்ட சர்வர். வலப்பக்கம், என் மகள் கட்டிக்கிட்டு அழற டெஸ்க்டாப். ரெண்டும் ஒரே அடுக்குமாடிப் படத்தை வரையணும். எது பிந்துதோ, அது சாயங்காலம் பழைய சாமான் கடைக்குப் போகும்.

மகள்: ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமேப்பா...

அப்பா: அறை தாங்கலம்மா. ரெண்டும் ஓடினா ஏ.சி. மூச்சு வாங்குது, எனக்கு வேர்த்துக் கொட்டுது. நீதிபதி நான். சம்பந்தப்பட்டவங்க வெளிய போகலாம்.

மருமகன்: நாங்க ஓரமா நின்னு...

அப்பா: மாப்ளே, புருஷன் ஒரு கட்சி, பொண்டாட்டி ஒரு கட்சி. உள்ள விட்டா தீர்ப்பு கெட்டுடும். கதவைச் சாத்திட்டுப் போங்க.

மகள்: ...சாத்தியாச்சு. வாங்க, இந்த மாடிப்படியில உக்காருவோம்.

மருமகன்: கதவுக் கண்ணாடி வழியா ஏதாவது தெரியுதா?

மகள்: அவரு முதுகுதான் தெரியுது. நடுவுல நாற்காலியைப் போட்டு நல்லாச் சாய்ஞ்சிருக்காரு.

மருமகன்: சர்வர் ஓடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது, பாரேன்.

மகள்: வேலையைவிட சத்தம்தான் ஜாஸ்தி. வாங்கச் சொன்னவர் மாதிரியேன்னு நான் சொல்லமாட்டேன்.

மருமகன்: சொல்லிட்டே. கணக்குப் போடுற மூளை, அதான் கோர், முப்பத்திரண்டு இருக்கு அதுல. உன் பெட்டியில எட்டே எட்டு.

மகள்: உங்க முப்பத்திரண்டு பேரும் ஆடி அசைஞ்சு வர்ற ஆளுங்க. என் எட்டு பேரும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாங்க. நேத்து உங்க சர்வர்ல படத்துல இருந்த ஒரு சுவரைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேனே, என்ன ஆச்சு?

மருமகன்: அது... யோசிச்சுது.

மகள்: யோசிச்சுதாம்! ஒருத்தர் சுவரைத் தள்ளினாரு. மத்தவங்க எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாத்தாங்க. நாம வீடு மாத்தின அன்னைக்கு உங்க சித்தப்பாமார் நின்ன மாதிரி.

மருமகன்: எங்க சித்தப்பாவை ஏன் இழுக்குறே? சுவரைத் தள்ளுறது ஒரே ஆள் வேலை, பங்கு போட முடியாது. முழுப் படத்தையும் வரையிறது அப்படியில்ல. துண்டு போட்டு ஆளுக்கொண்ணா குடுத்துடலாம். அங்க தலை எண்ணிக்கைதான் பேசும்.

மகள்: இன்னைக்குப் பந்தயம் படம் வரையிறதுலதானே? அப்ப நீங்க ஜெயிச்சுடுவீங்கல்ல?

மருமகன்: சொல்ல முடியாது. பழைய சர்வர். ஒவ்வொரு கோரும் நத்தை.

மகள்: சொல்ல முடியாதுன்னா எப்படி? ஜெயிக்கணுங்க!

மருமகன்: நீ ஏன் பதறுறே? நான் ஜெயிச்சா உன் பெட்டிதானே போகும்?

மகள்: ...யார் பதறினா?

மருமகன்: நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முந்தியே இருந்த பெட்டி அது. தூசி தட்டினது நீ, ஃபேன் மாத்தினது நீ. அதை அனுப்பிட்டா என் முகத்தைப் பாப்பியா?

மகள்: பாப்பேன். பேசத்தான் மாட்டேன்.

மருமகன்: பாத்தியா...

மகள்: உங்களுது தோத்தா மட்டும் வாழ்க்கை இனிக்குமா? அப்பா சும்மா விடுவாரா? குழம்புல உப்பு குறைஞ்சாக்கூட, "எல்லாம் மாப்பிள்ளை வாங்கச் சொன்ன சர்வரால வந்தது"ம்பாரு. உங்க தொண்டையில சோறு இறங்குமா?

மருமகன்: ஷ்... கதவு திறக்குது.

அப்பா: அனைவரும் எழுந்து நிற்கவும்.

மகள்: நின்னாச்சு. சீக்கிரம் சொல்லுங்கப்பா, உயிர் போகுது.

அப்பா: நீதியின் தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. இரண்டும் சமம்!

மருமகன்: சமமா?

அப்பா: நூலிழைகூட வித்தியாசம் கிடையாது. ஆகவே எந்தப் பெட்டியும் எங்கேயும் போகாது.

மகள்: அப்பாடா...! அப்ப ஏ.சி.?

அப்பா: ஏ.சி.க்கு என்ன? சுகமாத்தான் இருந்துது.

மகள்: அப்போ சுவரைத் தள்ளுற வேலையெல்லாம் டெஸ்க்டாப்புல வெச்சுக்கிட்டு, படம் வரையிறதை சர்வருக்கு விட்டுடலாமாப்பா?

அப்பா: அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். என் முடிவாவே எழுதிக்கோ.

மகள்: அது என்னப்பா கன்னத்துல கோடு?

அப்பா: கையை ஊன்றி ஆழ்ந்து யோசிச்சேன். தள்ளு, முகம் கழுவிட்டு வர்றேன்.

மருமகன்: போயிட்டாரு... யப்பா, நெஞ்சுல இருந்த கல்லு இறங்கிச்சு.

மகள்: ஏங்க, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. காலையில உங்க சர்வர் செட்டிங்ஸ்ல ஒரு டிக் அடிச்சு வெச்சேன். பக்கத்து மெஷினோட கோரையும் உதவிக்குக் கூப்பிட்டுக்கன்னு...

மருமகன்: பக்கத்து மெஷின்னா... உன் டெஸ்க்டாப்பா?

மகள்: வேற என்ன இருக்கு? என் ஆளுங்களை உங்க படத்துக்கு அனுப்பிட்டேன். நீங்க தலைகுனிஞ்சு நிக்கிறதைப் பாக்க முடியாது.

மருமகன்: அடிப்பாவி! அதே டிக்கை நான் உன் பெட்டியில அடிச்சேனே!

மகள்: நீங்களுமா? அப்போ... உங்க ஆளுங்க என் படத்துக்கு, என் ஆளுங்க உங்க படத்துக்கு...

மருமகன்: எல்லாரும் கலந்து நின்னு ரெண்டு படத்தையும் வரைஞ்சிருக்காங்க. அப்புறம் யாரு யாரை முந்துறது? சமமா முடிஞ்சதுல ஆச்சரியமே இல்ல!

மகள்: மனுஷங்க நாம முட்டிக்கிட்டோம். பெட்டிங்க ரெண்டும் கைகோத்துக்கிச்சு, பாருங்க.

மருமகன்: உன் அப்பாகிட்ட சொல்லிடலாமா?

அப்பா: என்கிட்ட என்ன சொல்லணும்?

மருமகன்: அய்யோ, ஒண்ணுமில்ல மாமா! ரெண்டும் ஒரே நொடியில முடிஞ்சதை எவ்வளவு கூர்மையாக் கவனிச்சிருக்கீங்கன்னு... அசந்து போய்ப் பேசிக்கிட்டிருந்தோம்.

அப்பா: ம்... ரெண்டு பேரும் இப்படிக் கிட்ட வாங்க. உன் அம்மா காதுக்குப் போகக் கூடாதும்மா.

மகள்: எதுப்பா?

அப்பா: நீங்க கதவைச் சாத்தினதுமே தூங்கிட்டேன்மா. முழிச்சுப் பாத்தப்ப ரெண்டும் முடிஞ்சு கெடந்துது.