நியூஸ் வாசிக்கிற கிரேக்கம்

...தலையை ஆட்டாத கண்ணு, கத்திரி கையில இருக்கு. என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், அந்த மேப்பு! நம்ம சாகோனிகாப் பேச்சு இருக்கிற ஊருக்கெல்லாம் பச்சை அடிச்சிருக்காங்க. பக்கத்து கலமோவ்ரிசிக்குப் பச்சை. நம்ம கரிடோரேமாவுக்கு வெறும் வெள்ளை. இங்க அந்தப் பேச்சு செத்துப்போச்சாம். அப்ப இவ்வளவு நேரம் நான் எதுல பேசிட்டிருக்கேன்? உங்கம்மா இந்தப் பக்கத்துக்காரங்கன்னு சொன்னியே, உனக்குப் புரியுதுல்ல?

மேப்பு போட்டவரு கலோமிரிஸ்னு ஏதென்ஸ் வாத்தியார். மொழி ஆராய்ச்சி. நல்ல மனுஷன், குறை சொல்லக்கூடாது... சொல்லத்தான் போறேன். மத்த கிரேக்கமெல்லாம் ஏதென்ஸ் வழியா வந்ததாம், நம்மது மட்டும் பழைய ஸ்பார்ட்டாக்காரங்க வழியாம். கேக்கவே எவ்வளவு பெருமையா இருந்துச்சு. இப்ப பச்சை அடிச்ச ஊர்லதான் ஸ்கூல்ல இதைச் சொல்லித் தருவாங்களாம். நம்ம புள்ளைங்களுக்குக் கிடையாது. வயிறு எரியுது கண்ணு.

அவரு இங்க வந்த அன்னைக்கு சர்ச்சுக் கூடத்துல பதிவு பண்ற மிஷினை வச்சு, "உயிர் பொழச்ச கதை சொல்லுங்க"ன்னாரு. பயந்த கதை சொன்னா வாய் தானா வீட்டுப் பேச்சுக்கு வந்துடுமாம். நம்ம ஸ்தாமாதா, கெணத்துல விழுந்தவ, என்ன சொன்னா தெரியுமா? "நான் கிணற்றினுள் தவறி விழுந்தேன். பின்னர் மீட்கப்பட்டேன்." அவ்வளவுதான். ஒருத்தி பாக்கியில்லாம இப்படியே டிவி கிரேக்கத்துல நியூஸ் வாசிச்சுட்டு எந்திரிச்சாளுங்க.

ஏன்னு கேளு... கேக்கமாட்டே. சரி, நானே சொல்றேன். முந்தின நாள் எல்லாருக்கும் முடி சுருட்டிவிட்டது நான்தான். அப்ப சொன்னேன், "பெரிய மனுஷன் வராருடி, ஆட்டுக்கொட்டாய்ல பேசுற மாதிரி பேசி மானத்தை வாங்காதீங்க"ன்னு. கூடத்துலயும் அவருக்குப் பின்னால நின்னுக்கிட்டு, எவளுக்கு நாக்கு சறுக்குதோ அவளைப் பாத்து சீப்பை ஆட்டினேன். பின்ன? விருந்தாளிக்குக் கிழிஞ்ச துண்டா குடுப்பாங்க?

ஒரு தடவை... ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் திரும்பி வரட்டும். நம்ம பேச்சுலயே மூச்சு விடாம கொட்டித் தீர்த்துடறேன்.

என்னது... அவரோட மாணவியா நீ? திரும்பப் பதிவு பண்ண அனுப்பியிருக்காரா? அடி கள்ளி, உக்காந்ததுலேருந்து இதைச் சொல்லாம ஊமையா இருந்தியே. வையி, வையி, போனை அந்த பவுடர் டப்பா மேல வையி. ஓடுதா? செவப்பு எரியுதே... இரு, முடியைச் சரி பண்ணிக்கிறேன்.

ம்ம்.

அனைவருக்கும் வணக்கம். என் பெயர் பொலிதிமி. சிகையலங்காரம் எனது தொழிலாகும். எங்கள் சிற்றூரின் பேச்சுமொழியைக் குறித்து உரையாற்றுவதில் நான் பெருமகிழ்ச்சி அடைகிறேன்...