மஞ்சள் குளிசையில் ஒரு பங்கு

பெயர்: மரியநேசன் பிறின்சி
வயது: பதினைந்து
தொழில்: மாணவி, தரம் பதினொன்று
முகவரி: கடற்கரை வீதி, சிலாவத்தை, முல்லைத்தீவு

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஐயாவுக்கு.

மேற்படி முகவரியில் தந்தை மரியநேசன், தாய் புனிதம் ஆகியோருடன் வசித்து வரும் நான் இதனை என் கையால் எழுதுகிறேன். போன வருடம் அப்பாவின் படகு எஞ்சின் களவு போனபோது நானும் அவருடன் உங்கள் நிலையத்துக்கு வந்து மர வாங்கில் அமர்ந்திருந்தேன். அப்பா சொல்லச் சொல்ல ஒரு ஐயா வேறு மொழியில் எழுதி, பின்னர் அதைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். எனக்கு அப்படி வாயால் சொல்ல வராது. தொடங்கினால் அழுதுவிடுவேன், பாதி விடுபட்டுப் போகும். ஆகையால் அம்மா நித்திரையான பின்னர் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு இது தெரியாது. அப்பா கடலுக்குப் போய்விட்டார்.

நேற்றுப் புதன்கிழமை விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்ட கிருபன் என்பவர் மருந்துக் குளிசை எதையும் விற்கவில்லை. முத்தையன்கட்டைச் சேர்ந்த கனகலிங்கம் கமலாசனி அவர்களிடம் இருந்த மஞ்சள் குளிசைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

நடந்தவற்றை ஒழுங்காக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஐந்து வருடமாக நோய் இருக்கிறது. உடம்பெல்லாம் கபில நிறப் புள்ளிகள். வெயிலில் நின்றால், குளிர்ந்த தண்ணீரில் முழுகினால், சில வேளைகளில் ஒரு காரணமும் இல்லாமல், முகம் சிவந்து அப்படியே மெல்ல நிலத்தில் அமர்ந்து மயங்கிப்போவார். நான் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது அம்மாவின் கையில் நகத்தால் என் பெயரை எழுதுவேன். கொஞ்ச நேரத்தில் எழுத்துகள் தடித்துச் சிவப்பாக மேலே எழும்பி வரும். அரை மணித்தியாலத்தில் தாமாகவே அமிழ்ந்துவிடும். அம்மா அதைப் பக்கத்து வீட்டாருக்குக் காட்டிச் சிரிப்பார். அதுதான் நோய் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அதன் பின்னர் பெரிய ஆசுபத்திரியில் இடுப்பெலும்புக்குள் ஊசி விட்டு மச்சையை எடுத்துப் பார்த்து, மாஸ்ட் குழியம் என்னும் ஒருவகைக் கலம் அளவுக்கு மிஞ்சிப் பெருகுவதாகவும், அதற்குக் காரணம் ஒரு ஜீனில், அதாவது பரம்பரையலகில், ஏற்பட்ட விகாரம் எனவும் சொன்னார்கள். டொக்டர் அம்மா ஒரு தாளில் அந்தப் பரம்பரையலகின் எழுத்துகளை நீளமாக எழுதி, அதில் ஒன்றை மட்டும் வெட்டி, மேலே வேறொரு எழுத்துப் போட்டு, “இவ்வளவுதான் பிழை” என்று காட்டினார். அந்தத் தாளை அம்மா மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.

அதன் பின்னர், இந்த வருடம் தை மாதம், அந்த நோய்க்கான மருந்துப் பரிசோதனையில் அம்மாவைச் சேர்த்தார்கள். வெள்ளைக் குளிசை பிழையான எழுத்தின் வேலையை நிறுத்துவது. மஞ்சள் குளிசை, அது வேறு வழியால் தப்பிப் போகாமல் மறிப்பது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு வெள்ளை மட்டும், மற்றப் பாதிப் பேருக்கு இரண்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய கடித உறைக்குள் இருந்தது. மஞ்சள் குளிசை குருதிச் சிறுதட்டுகளைக் குறைக்கக்கூடும், இரத்தம் நில்லாமல் போகலாம், ஆகவே அதை எடுப்பவர்களுக்கு இரு வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும் என்று, வீடு வீடாக மருந்து கொண்டுவரும் கிருபன் அண்ணா, சேர்ந்த அன்று கிளினிக்கில் எங்களுக்கு வாசித்துச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்று கிளினிக் வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் கமலாசனி அன்ரி இருந்தார். அவருக்கும் இதே நோய்தான். எங்கள் ஊரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“சிலாவத்தையோ? எங்கட அம்மனுக்கு விளக்கெரிக்கிற தண்ணி உங்கட கடலில இருந்துதானே வாறது.”

“விளக்கு உங்களுக்கு, உப்பு எங்களுக்கு” என்று அம்மா சொன்னார். இருவரும் சிரித்தார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை எங்கள் கரையில் கடல்நீர் எடுத்துச் சென்று அதில்தான் விளக்கேற்றுவார்கள். நாங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்றாலும் வருடாவருடம் கரையில் நின்று பார்ப்போம்.

உறையைத் திறந்தபோது அம்மாவுக்கு இரண்டு குளிசையும், கமலாசனி அன்ரிக்கு வெள்ளை மட்டும் என்று இருந்தது. “எனக்கு லொத்தரிலையும் ஒருநாளும் விழுந்ததில்லை” என்று அன்ரி சொன்னார்.

அதன் பின்னர் அம்மா இரவுச் சாப்பாட்டோடு மஞ்சள் குளிசை ஒன்று வீதம் எடுத்து வந்தார். எடுத்த நாளுக்கு அட்டையில் சரி போடுவது என் வேலை. “பிறின்சி, இந்தச் சரியைப் பாத்துத்தான் எங்கயோ இருக்கிற ஆருக்கோ எவ்வளவு குடுக்கிறதெண்டு முடிவெடுப்பினம். நீதான் இந்த வீட்டு டொக்டர்” என்று கிருபன் அண்ணா சொன்னார். நான் அதற்கென்று பச்சைப் பேனை ஒன்று வாங்கினேன்.

மாசி முடிவில் ஒருநாள் பின்னேரம் அம்மாவின் கையில் என் பெயரை எழுதினேன். எழுத்து வரவில்லை. காத்திருந்தோம். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எடியே, உன்ர பேர் அழிஞ்சு போச்சு” என்றார். அன்று அம்மா வெயிலுக்குள் இறங்கி, கரை வரை நடந்து, அலையில் கால் நனைத்துவிட்டு வந்தார். மயங்கவில்லை.

அதன் பின்னர் பங்குனி மாதக் கிளினிக்கில் கமலாசனி அன்ரியைக் கண்டோம். வயல் வரம்பில் இரண்டு தடவை விழுந்ததாகச் சொன்னார். கழுத்தெல்லாம் சொறிந்த காயம். வீட்டுக்கு வந்து அம்மா செருப்பைக் கழற்றாமலே என்னிடம் பின்வருமாறு சொன்னார்.

“கரைவலைக் கயித்தில ஆர் கை வைச்சாலும் பங்கு உண்டு. வழியால போனவன் ஒரு இழுவை இழுத்தாலும் கறிக்கு மீன் குடுக்காமல் விடுறேல்ல. அந்த மனுசியும் நானும் ஒரே ஊசிக்கு எலும்பைக் குடுத்தனாங்கள். நான் மட்டும் எப்பிடித் தின்னுறது?”

“அம்மா, இது மீன் இல்லை.”

“மீனெண்டாலே குடுக்கிறம். இது மருந்து.”

நான் பிறந்த நாளிலிருந்து பார்த்தது அதுதான். எங்கள் கரையில் பங்கு கொடுக்காமல் வலையை மடிக்கிற வீடு இல்லை.

அன்றிலிருந்து அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் மஞ்சள் குளிசை எடுத்தார். எடுக்காத நாட்களின் குளிசையை ஒரு சின்னப் போத்தலில் சேர்த்தார். கமலாசனி அன்ரியின் மகள் கிருசாந்தி புதுக்குடியிருப்பில் வெள்ளிக்கிழமைக் கணித வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவள். அம்மா ஒரு கிழமை மூன்றும் மறு கிழமை நான்குமாகத் தருவார். நான் அவற்றைக் கொம்பாஸ் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போவேன். பஸ் குலுங்கும்போது உள்ளே மெல்லிய சத்தம் கேட்கும். நந்திக்கடல் பக்கம் வெள்ளையாகக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்தபடி, இந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன். வகுப்பில் கிருசாந்தி “அளவுகோல் தா” என்று கேட்பாள். நான் பெட்டியைத் தள்ளிவிடுவேன். பெட்டி வெறுமையாகத் திரும்பி வரும்.

கொடுத்த திகதிகள்: மார்ச் 21, 28, ஏப்ரல் 4, 11, 25, மே 2, 9, 16, 23, 30. ஏப்ரல் 18 பெரிய வெள்ளி, வகுப்பு இல்லை, கொடுக்கவில்லை. மொத்தம் பத்து நாள், முப்பத்தைந்து குளிசை. எடுக்காத நாட்களுக்கும் அட்டையில் பச்சைப் பேனையால் சரி போட்டது நான்.

சித்திரை மாதத்தில் அம்மாவின் கையில் எழுத்து மறுபடியும் மங்கலாக வரத் தொடங்கியது. அந்த மாதக் கிளினிக்கில் டொக்டர் அம்மா என் அட்டையைப் பார்த்து, ஒருநாளும் தவறாமல் எடுத்தும் போதவில்லை, இனி எல்லோருக்கும் அளவைக் கூட்ட வேண்டிவரலாம் என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கமலாசனி அன்ரியின் கழுத்துக் காயம் ஆறியிருந்தது. அவர் எனக்குத் தோடம்பழம் உரித்துத் தந்தார்.

சென்ற திங்கட்கிழமை பின்னேரம் தீர்த்தம் எடுக்க எங்கள் கரைக்குச் சனம் வந்தது. கமலாசனி அன்ரியும் கிருசாந்தியும் வந்தார்கள். அன்ரி அம்மாவிடம், பல் தீட்டும்போது முரசுச் சதையில் இரத்தம் வருகிறது என்று சொன்னதை நான் கேட்டேன். “கீரை கொஞ்சம் கூடச் சாப்பிடுங்கோ” என்று அம்மா சொன்னார். குடத்தைக் கொண்டு கடலுக்குள் இறங்கினார்கள். பறை அடித்தது. வெயில் போய், கடலும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. குடம் தண்ணீருக்குள் போய் மேலே வந்தபோது அரோகரா என்று எல்லோரும் கைகூப்பினார்கள். அன்ரியும் கூப்பினார். கூப்பிய கையில் சிவப்பு விழுந்தது. யாரோ குங்குமம் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். அது அவர் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்காமல் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பின்னர் மெல்ல மணலில் அமர்ந்தார். அம்மா தன் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். தலைப்பு முழுவதும் நனைந்தும் நிற்கவில்லை. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோவில் ஏற்றும்போது அன்ரி அம்மாவின் கையைப் பிடித்து, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். சொல்லிவிடாதே என்று எனக்கு விளங்கியது.

மறுநாள் அவருடைய கணவர் வீட்டில் திருநீற்றுப் பெட்டிக்குள் ஆறு மஞ்சள் குளிசைகளைக் கண்டெடுத்து ஆசுபத்திரியில் கொடுத்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் மருந்து கொண்டுபோகிறவர் கிருபன் அண்ணா ஒருவர்தான். ஆகவே அவர் களவாக விற்றார் என்று முடிவெடுத்துவிட்டார்கள். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டுப் பஸ்ஸில் வரும்போது உங்கள் நிலைய வாங்கில் அவர் இருக்கக் கண்டேன். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார். பஸ்ஸைப் பார்த்தார், என்னைக் கண்டாரோ தெரியாது.

இன்று பின்னேரம் கிருசாந்தி போன் எடுத்தாள்.

“டொக்டர் மூண்டு தரம் கேட்டுட்டார், அம்மா இதை எவ்வளவு நாளாப் போட்டவா, எத்தினை போட்டவா எண்டு. அம்மாவுக்கு இப்ப கதை பேச்சு இல்லை. நான் தெரியாதெண்டு சொன்னனான்.”

“ஏன்டி?”

“சொன்னால் உங்கட அம்மான்ர குளிசையை நிப்பாட்டிப்போடுவினம் எல்லோ.”

அவள் பக்கத்தில் ஏதோ மெசின் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைக் கொடுத்தால் அம்மாவைப் பரிசோதனையிலிருந்து நீக்குவார்கள். மறுபடியும் அம்மா குசினியில் விழுந்து கிடக்க நான் பள்ளிக்கூடத்தால் வருவேன். கொடுக்காவிட்டால் கிருசாந்தியின் அம்மா இல்லாமல் போகலாம். விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து இதைத் தருவேன். என்னை விசாரிக்க முன்னர் இதில் உள்ள திகதிகளையும் தொகையையும் ஆசுபத்திரிக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அட்டையில் உள்ள பச்சைச் சரிகளை நம்ப வேண்டாம் என்றும் டொக்டர் அம்மாவுக்குச் சொல்லவும்.

நான் செய்ததையும் என் கண்ணால் கண்டதையும் தவிர இதில் வேறொன்றும் இல்லை. ஒருவரும் சொல்லித்தரவில்லை, ஒருவரும் வெருட்டவில்லை. திரும்ப வாசித்தேன், எனக்குத் தெரிந்த அளவில் சரி. என் வயதுக்குப் பாதுகாவலரின் ஒப்பமும் தேவை என்று அறிவேன். அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன்.

ம. பிறின்சி

பாதுகாவலர்:

விடியப்புறம் எழும்பிப் பாத்தன். பிள்ளை மேசையில தலையை வைச்சு நித்திரை. வாசிச்சன். எல்லாம் சரி, ஒண்டு பிழை. முப்பத்தைஞ்சு இல்லை. பெரிய வெள்ளிக்கு வகுப்பு இல்லாதபடியால், அடுத்த கிளினிக் நாளில வாங்கில வைச்சு நாலு குளிசை நான் என்ர கையால குடுத்தனான். பிள்ளைக்குத் தெரியாது. எல்லாமா முப்பத்தொன்பது. ஆறு மிச்சம் கிடந்ததெண்டால் அந்த மனுசி போட்டது முப்பத்திமூண்டு. டொக்டருக்கு முப்பத்திமூண்டு எண்டு சொல்லுங்கோ. குடுக்கச் சொன்னது நான். கிருபன் தம்பியை வீட்டுக்கு விடுங்கோ. நானும் பிள்ளையோட முதல் பஸ்ஸில வாறன்.

ம. புனிதம்