ரோஜா இலையில் கத்தரிக்கோல் வெட்டு

"தேனீ இலை வெட்டும்னு எனக்கென்னங்க தெரியும்?" என்று முன் இருக்கையில் ஒருவர் சொன்னதில் எனக்குத் தூக்கம் கலைந்தது. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ், மைசூரிலிருந்து கொள்ளேகாலுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு போனது. பேசியவர் ஏதோ பங்களாவில் தோட்ட மேஸ்திரி. கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய ஊர்க்காரர் போலிருந்தது.

"ரோஜா இலை ஓரமெல்லாம் அரை வட்டமா வெட்டியிருந்துச்சு. புழு கடிச்சா இத்தனை சீரா இருக்காது. கத்தரிக்கோல் வேலைன்னு நெனச்சேன்."

"அதுக்கு?"

"தண்ணி ஊத்துற ராசம்மாவோட புருஷன் தையக்காரன். தசராப் பூக்காட்சி வேற கிட்ட வந்துருச்சு. எஜமான்கிட்டச் சொல்லி அன்னிக்கே அவளை நிறுத்திட்டேன்."

"அப்புறம்?"

"வெட்டு நிக்கல. முந்தாநாள் பார்க்கறேன், கறுப்பா ஒரு தேனீ இலையை வட்டமா வெட்டி, காலுக்குள்ள இடுக்கிக்கிட்டுப் பறக்குது. கூடு கட்டத்தான் கொண்டுபோகுது. செடிக்கு ஒரு கெடுதியும் இல்லீங்க."

மடியிலிருந்த காகிதத்தைப் பிரித்து ஓர் இலையைக் காட்டினார்.

"அவ இப்போ கொள்ளேகால் தாண்டி கௌதள்ளியில, அம்மா வீட்ல இருக்கா. இதைக் காட்டி நடந்ததைச் சொல்லிரலாம்னு போறேன்."

"அன்னிக்கு அவ ஒண்ணும் சொல்லலையா?"

மேஸ்திரி இலையைத் திரும்பக் காகிதத்துக்குள் வைத்தார்.

"சொன்னா. ஈ வெட்டுதுங்க, கண்ணால பார்த்தேன்னு சொன்னா. நாங்க எல்லாரும் சிரிச்சோம்."

"அப்போ இலையை அவளுக்கு எதுக்குக் காட்டணும்?"

கொள்ளேகால் வரும்வரை மேஸ்திரி அந்தக் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தார்.