ஒரு சிட்டிகை மண்

வேதாரண்யம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பக்கத்தில் இருந்த அண்ணனிடம் நீட்டி, "அண்ணே, நம்ம வயல் மண்ணு. கொஞ்சம் தின்னு பாருங்க" என்றாள்.

"கிறுக்கா ஒனக்கு? ஆத்துத் தண்ணி வராம உப்புப் பூத்த வயலு. எறால் குட்டைக்கு விட இப்பக் கையெழுத்துப் போடத்தானே போறோம்?"

"மூணு வருசமா உரத்துக்குத் தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழுதேன். மழைத்தண்ணியத் தேக்கி உப்ப வடிச்சேன். தின்னுட்டு அப்புறம் போடுங்க கையெழுத்து."

அவர் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். இன்னொரு சிட்டிகையும் எடுத்தார்.

"கரிக்கவே இல்லையே தங்கச்சி!"

"எல்லாத்தையும் தின்னுடாதீங்க. அதுலதான் நெல்லு வெளையணும்."

அவர் எழுந்தே விட்டார். "கண்டக்டர், விசிலு குடுங்க! நாங்க எறங்கணும்."

"கையெழுத்துண்ணே?"

"நீ எறங்கு புள்ள, வெதநெல்லு வாங்கணும்."