மாமனாரை வைத்து ஒரு பாட்டு

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் நிறுத்த வேண்டியது ஃப்ரிட்ஜை. நம் காது அதன் உறுமலை மறந்துவிடும், மைக் மறக்காது. இதை நான் இணைய வகுப்பில் பணம் கட்டிக் கற்றேன், உங்களுக்குச் சும்மாவே சொல்கிறேன், மேடம். அந்த ஃபேனை நிறுத்தச் சொன்னால் என் வாக்குமூலமும் தெளிவாகப் பதிவாகும்.

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் எனக்குக் கமிஷன் கடை. காலையில் மல்லிகை, மதியத்துக்கு மேல் இசை. பாட்டு எழுதுவது, பதிவு செய்வது, வெளியிடுவது எல்லாம் முறையாகப் படித்தேன். முதல் பாட்டை உலகம் முழுக்க வெளியிட்டேன். உலகத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவன் நான். மற்றவர் எங்களோடு இருக்கும் என் மாமனார் ஆவுடையப்பன்.

"மாப்ள, ஒங்க பாட்டக் கொல்லையில வச்சுக் கேட்டேன். கட்டிக்கெடந்த ஆடு கயித்த அத்துக்கிட்டு அங்கிட்டுப் போயிருச்சு" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் செய்தேன் என்று புகாரில் எழுதிக்கொடுத்திருக்கிறார். தவறு. ஆட்டின் கருத்தை நான் மதிக்கிறேன். பாட்டில் உண்மையான உணர்ச்சி இல்லை. வகுப்பிலும் அதையேதான் சொன்னார்கள்.

உண்மையான உணர்ச்சி எங்கள் பக்கத்தில் மருதாயியிடம் இருக்கிறது. அவர் ஒப்பாரி வைத்தால், செத்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் துண்டால் கண்ணைத் துடைப்பான். வீட்டுக்கு வந்து மைக் முன்னால் பாடுங்கள் என்று கேட்டேன்.

"சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வச்சா ஆகாது தம்பி. ஆளு விழுகட்டும், சொல்லி விடுங்க. வாரேன்."

நியாயமான நிபந்தனை. ஆகவே ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலில் என்னைத்தான் யோசித்தேன். ஆனால் ரெக்கார்டு பட்டனை யார் அழுத்துவது?

போன புதன்கிழமை அத்தையும் என் மனைவி அருணாவும் கொடும்பாளூரில் ஒரு காதுகுத்துக்குப் போனார்கள். மாமாவுக்கு நானே கறிக்குழம்பு ஊற்றிச் சோறு போட்டேன். கடைசியில் மோர். மோரில் சளி மருந்து. அவருக்குச் சளி இல்லை. ஒரு மூடி அளவு என்று பாட்டிலில் எழுதியிருந்தது. மூடி எங்கேயோ உருண்டுவிட்டது, நான் தேடவில்லை.

மாமா குறட்டை விடுபவர். வாயைச் சேர்த்து நாடிக்கட்டு கட்டியதும் குறட்டை நின்றது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு வைத்தேன். தொப்பை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் என் கடையிலேயே கனமான மாலையைப் போட்டேன். ஐஸ் பெட்டி கொண்டுவந்த இரண்டு பேரும் அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

"என்னண்ணே, ஒடம்பு இன்னும் சூடா இருக்கு?" என்றான் ஒருவன்.

"தங்கமான மனுசன்" என்றேன்.

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர்கள் போனதும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். ஃப்ரிட்ஜ் மாதிரிதான் அதுவும். சத்தம் பாட்டில் விழும். அழுகிறவர்கள் மூடியில் கையை அறைந்தால் கண்ணாடி கடகடக்கும் என்று அதன் அடியில் ஒரு துண்டை மடித்துச் சொருகினேன். அந்தச் சந்து வழியாகத்தான் அவருக்குக் காற்று போயிருக்கிறது. ஆக, குளிரில் விறைக்காமலும் மூச்சு முட்டாமலும் அவரைக் காப்பாற்றியது ஒலிப்பதிவு அறிவு. புகாரில் இதற்கு ஒரு நன்றி இல்லை.

மருதாயி வந்தார். தெருவே வந்தது. அத்தைக்கும் அருணாவுக்கும் சொல்லியாயிற்று, கார் பிடித்து வருகிறார்கள் என்றேன். குவைத்தில் இருக்கும் மச்சினன் ரகுநாத்துக்கு நேரலையில் காட்டுகிறேன் என்று சொல்லி, தலைமாட்டில் மைக்கை வைத்து, ஹெட்போன் மாட்டி, லேப்டாப்போடு உட்கார்ந்தேன். இப்போது எல்லாச் சாவு வீட்டிலும் ஒருவர் அப்படி உட்கார்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருதாயி ஆரம்பித்தார்.

"மல்லியப்பூத் தோட்டத்துக்கு மட தொறக்கப் போன ராசா,
மடையில தண்ணி நிக்கிதய்யா, ஒங்க மம்பட்டி ஏங்குதய்யா..."

எனக்குக் கையெல்லாம் சிலிர்த்தது. மாமா போய்விட்டாரே என்று ஒரு நிமிடம் நானே கலங்கினேன்.

அடுத்து மாமாவின் தங்கை செவந்தி. எங்கள் பக்கத்தில் செத்தவரிடம் வழக்குத் தீர்ப்பதும் ஒப்பாரிக்குள்ளேயே நடக்கும்.

"வரப்ப அரிஞ்சு அரிஞ்சு வயல நீ வளத்தியே அண்ணே,
போகையில அந்த வரப்பப் பொட்டியில வச்சியா அண்ணே..."

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். மூடி திறந்தது. மாமா மாலையோடு எழுந்து உட்கார்ந்து, நாடிக்கட்டை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, "யாருடி வரப்ப அரிஞ்சது? கூப்புடுடி சர்வேயர" என்றார். செவந்தி கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தார். தெரு காலியானது. மருதாயி மட்டும் ஓடவில்லை.

"சாவு விழாம வச்சுட்டேனே தம்பி. வச்ச ஒப்பாரிய இனி எப்புடித் திரும்ப எடுக்குறது?" என்று கேட்டார்.

"அழிச்சுடுறேன் ஆத்தா" என்றேன். அழிக்கவில்லை. மறுநாளே வெளியிட்டேன். குவைத்தில் ரகுநாத்தே கேட்டுவிட்டு விம்மி விம்மி அழுதானாம், செத்தது யார் என்று தெரியாமல். அதுதான் மேடம் உண்மையான உணர்ச்சி.

மாமா விழித்ததும் உடனே திறந்துவிட்டேன் என்று காலையில் சொன்னேன். அதில் ஒரு சின்னத் திருத்தம். அவர் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டத் தொடங்கியது செவந்தி பாடிக்கொண்டிருந்தபோது. அழுகைச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. ஹெட்போனில் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. கொஞ்சமும் தாளம் பிசகவில்லை. செவந்தியிடம் இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. அது முடியும்வரை மூடியின்மேல் சாய்ந்து, கதறி அழுகிற மருமகன் மாதிரி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் உழைப்பை நான் திருடவில்லை. 'தாளம்: ஆவுடையப்பன்' என்று பாட்டிலேயே பெயர் போட்டிருக்கிறேன். எந்த மருமகன் செய்வான்?